அரசுப் பல்கலைக்கழகம் அரசிடமே ஏன் பிரசாரம் செய்கிறது?

கேள்வி இது: மகள் அமெரிக்காவில் ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பெற்றோருக்கும் வரும் வளாகச் செய்திமடலில் மேலே புதிய ஆய்வுக்கூடத் திறப்பு விழாப் படம், கீழே "மாநில நிதி குறைகிறது, உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள்" என்ற வேண்டுகோள். அரசுப் பல்கலைக்கழகம் அரசிடமே ஏன் மன்றாட வேண்டும்? கட்டடத்துக்குப் பணம் இருக்கிறவர்களிடம் சம்பளத்துக்கு இல்லையா? இதனால் ஃபீஸ் ஏறுமா? நாங்கள் எழுதினால் பலன் உண்டா?

கடைசிக் கேள்விக்குப் பதில் சின்னது, முதல் கேள்விக்குத்தான் பெரியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் "அரசுப் பல்கலைக்கழகம்" என்றால் மத்திய அரசுடையது என்று நம் ஆட்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை, அது மாநிலத்தினுடையது. 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் செனட்டர், பிரதிநிதி ஒவ்வொருவருக்கும் 30,000 ஏக்கர் என்ற கணக்கில் நிலம் கொடுத்தது. அதை விற்ற பணத்தை முதலாக வைத்து வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளை நடத்துங்கள் என்றது. அந்த நிலத்தில் பெரும்பகுதி பழங்குடிகளிடமிருந்து எடுத்தது என்பதையும் இன்று சேர்த்தே பேச வேண்டும். மத்திய அரசு மூலதனத்தைத் தந்தது. ஆண்டுதோறும் நடத்தும் செலவு மாநிலத்தின் தலையில் விழுந்தது. அந்த ஏற்பாடு சட்டப்படி இன்னும் மாறவில்லை. மாறியது விகிதம்தான்.

1980-இல் பொதுக் கல்லூரிகளின் கற்பித்தல் வருவாயில் மாணவர்கள் கட்டிய கட்டணத்தின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் வந்த ஆண்டுகளில் அது கிட்டத்தட்ட பாதியைத் தொட்டது. பிறகு கொஞ்சம் இறங்கியது என்றாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. சில மாநிலங்களில் கட்டணம் மாநில மானியத்தைத் தாண்டிவிட்டது.

கல்வியை வெறுக்கும் அரசியல்வாதிகளால்தான் இது என்று சிலர் சொல்வார்கள். பாதிதான் சரி. ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் பட்ஜெட்டில் வரவும் செலவும் சமமாக இருந்தாக வேண்டும் என்று சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. மத்திய அரசு கடன் வாங்கி ஓட்டுவதைப் போல மாநிலம் ஓட்ட முடியாது. பொருளாதாரம் படுத்தால் வரி வருவாய் விழும், அதே ஆண்டில் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் செலவு ஏறும். பள்ளிக் கல்விக்கு மாநில அரசியல் சாசனத்திலேயே பாதுகாப்பு உண்டு. சிறைக்கதவைத் திறந்துவிட முடியாது. வெட்ட என்ன மிச்சம்? "நீங்கள் வேண்டுமானால் ஃபீஸை ஏற்றிச் சமாளித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லக்கூடிய ஒரே துறை உயர்கல்வி. சிறை தன் செலவைக் கைதியிடம் வசூலித்து ஓட முடியாது, பல்கலைக்கழகம் மாணவரிடம் வசூலிக்க முடியும். அதனால் நெருக்கடி ஆண்டில் முதல் வெட்டு அங்கே விழும், நல்ல ஆண்டில் கொஞ்சம் திரும்ப வரும். இந்த ஏற்ற இறக்கத்தில் பிழைக்க வேண்டிய நிறுவனத்துக்குப் பிரசாரம் அன்றாட வேலையாகிவிட்டது.

செய்திமடலை ஒரு காலண்டரோடு சேர்த்துப் படித்தால் பல விஷயம் புரியும். பெரும்பாலான மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. ஜனவரி வாக்கில் கவர்னர் (அங்கே மக்கள் தேர்ந்தெடுக்கும் மாநில ஆட்சித் தலைவர்) தன் பட்ஜெட்டை முன்வைப்பார். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சட்டமன்றக் குழுக்களின் விசாரணைகள். மே, ஜூனில் பேரம். கலிபோர்னியாவில் மே மாதம் கவர்னர் திருத்திய பட்ஜெட்டைத் தருவார், ஜூன் 15-க்குள் சட்டமன்றம் நிறைவேற்றியாக வேண்டும். உங்களுக்கு வந்த மடல்களைத் தேதிவாரியாக எடுத்துப் பாருங்கள். இலையுதிர் காலத்தில் விளையாட்டும் முன்னாள் மாணவர் சந்திப்புமாக இருக்கும். ஜனவரி பிறந்ததும் "நம் பட்டதாரிகளில் இத்தனை சதவீதம் பேர் மாநிலத்திலேயே வேலை செய்கிறார்கள்", "கிராமப்புற மருத்துவமனைகளுக்கு நம் செவிலியர்கள்" என்று தொனி மாறும். அந்தச் செய்திகளில் பொய் இருக்காது. ஆனால் அவற்றுக்கு ஒரு வாசகர் குறித்து வைக்கப்பட்டிருக்கிறார், அவர் நீங்கள் அல்ல. நிதிக்குழுவில் உட்கார்ந்திருக்கும், பல்கலைக்கழக நகரத்திலிருந்து நூறு மைல் தள்ளி ஒரு விவசாயத் தொகுதியின் உறுப்பினர் அவர். "என் தொகுதிக்கு இந்தப் பல்கலைக்கழகத்தால் என்ன லாபம்?" என்ற அவர் கேள்விக்கு மூன்று மாதம் தவணை தவணையாகப் போகும் பதில்தான் அந்தச் செய்திகள்.

மாநிலத் தலைநகரில் மாணவர்கள் போய்ச் சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கும் நாள் ஒன்று பல பெரிய பல்கலைக்கழகங்களில் உண்டு. கலிபோர்னியாவின் சேக்ரமென்டோவாகட்டும், விஸ்கான்சினின் மேடிசனாகட்டும், காட்சி ஒன்றுதான். விடிவதற்கு முன் பஸ். எல்லாரும் பல்கலைக்கழக நிறத்தில் டி-ஷர்ட். கையில் ஒரே ஒரு தாள். அதில் மேலே தொகுதி எண், அந்தத் தொகுதியிலிருந்து எத்தனை மாணவர்கள் படிக்கிறார்கள், எத்தனை முன்னாள் மாணவர்கள் வசிக்கிறார்கள், கீழே கேட்கும் தொகை. சந்திப்பு பத்துப் பதினைந்து நிமிடம். பெரும்பாலும் உறுப்பினர் வரமாட்டார். இருபத்தைந்து வயது உதவியாளர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வருவார், பல நேரம் அவரே அதே பல்கலைக்கழகத்தில் படித்தவராக இருப்பார். "உறுப்பினரைப் பார்க்கவே முடியவில்லை" என்று மாணவர்கள் சோர்ந்து போவார்கள். சோர வேண்டியதில்லை. பட்ஜெட் வரியைப் பற்றி உறுப்பினருக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பவர் அந்த உதவியாளர்தான். மாணவர் தாளைப் பார்த்துப் புள்ளிவிவரம் ஒப்பித்தால் அந்தக் குறிப்பில் ஒரு வரி வரும். "நான் உங்கள் தொகுதி, இந்த உதவித்தொகை நின்றால் அடுத்த செமஸ்டர் நிறுத்த வேண்டியதுதான்" என்று சொன்னால் பெயரோடு வரும்.

இன்னொன்றும் அதே மடலில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள்: "மாநிலம் தரும் ஒவ்வொரு டாலருக்கும் இத்தனை டாலர் பொருளாதாரப் பலன்." இதில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. பல்கலைக்கழகம் காசு கொடுத்துத் தயாரிக்கச் செய்யும் அறிக்கைகள் இவை. பல்கலைக்கழகமே இல்லாவிட்டால் அந்த மாணவர் செலவழிக்கும் காசு வேறெங்கும் செலவாகியே இருக்காது என்பதுபோல் சிலவற்றின் கணக்கு போகும். நிதிக்குழுவில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கும் இது தெரியும். ஆனாலும் எல்லாரும் தயாரிக்கிறார்கள், ஏனென்றால் பக்கத்துப் பல்கலைக்கழகம் தயாரித்துவிட்டது.

இப்போது கட்டடத்துக்கு வருவோம். மிக நியாயமான சந்தேகம் இதுதான், பல்கலைக்கழகங்கள் மிக மோசமாக விளக்குவதும் இதைத்தான். ஒரு பல்கலைக்கழகத்துக்குள் பல பைகள் இருக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றச் சட்டம் விடாது. சம்பளம், வகுப்பு, நூலகம் எல்லாம் நடப்புச் செலவுப் பையில். அதை நிரப்புவது மாநில மானியமும் கட்டணமும். கட்டடம் மூலதனப் பையில். அதற்கு மாநிலம் தனியாகப் பத்திரம் வெளியிட்டுக் கடன் வாங்கும், அல்லது ஒரு நன்கொடையாளர் தன் பெயர் போடச் சொல்லிக் கொடுப்பார். விடுதியும் உணவகமும் தங்கள் வருமானத்திலேயே ஓட வேண்டும். ஆராய்ச்சி மானியம் அந்த ஆராய்ச்சிக்கு மட்டும். தேருக்கென்று எழுதிக் கொடுத்த பணத்தில் மடைப்பள்ளிக்கு அரிசி வாங்க முடியாது என்று கோயில் கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்களே, அதேதான். நன்கொடையாளருக்கு ஆய்வுக்கூட வாசலில் பெயர் வேண்டும். மூன்றாவது மாடிக் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்யத் தன் பெயரில் காசு கொடுக்க யாரும் முன்வருவதில்லை. புதிய கட்டடங்கள் பளபளக்கும் அதே வளாகத்தில் 1960-களின் கட்டடங்கள் பழுது பார்க்கப்படாமல் நிற்பது இதனால்தான்.

ஆனால் "சட்டம் விடாது" என்பதை முழுச் சமாதானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டடம் வந்துவிட்டால் மின்சாரம், பராமரிப்பு, காவல் எல்லாம் நடப்புச் செலவில்தான் ஏறும். பல்கலைக்கழகமே கடன் பத்திரம் போட்டுக் கட்டியிருந்தால் தவணையை மாணவர் கட்டணம்தான் தாங்கும். எந்தப் பணம் எந்தப் பையிலிருந்து என்பது நிர்வாகம் எடுத்த முடிவும்கூட. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2023-இல் சுமார் 45 மில்லியன் டாலர் பற்றாக்குறை என்று சொல்லி 28 பட்டப் படிப்புகளையும் 143 ஆசிரியர் இடங்களையும் நீக்கியது. மாநிலம் கைவிட்டதும் மாணவர் எண்ணிக்கை சரிந்ததும் காரணம் என்றது நிர்வாகம். மாணவர் பெருகுவார்கள் என்று நம்பி முந்தைய ஆண்டுகளில் செய்த செலவுகள் காரணம் என்றார்கள் ஆசிரியர்கள். இரண்டு தரப்பும் முழுப் பொய் சொல்லவில்லை. செய்திமடலில் முதல் காரணம் மட்டும் வரும்.

கட்டடம் அரசியல் பேரத்திலும் உருளும். விஸ்கான்சினில் 2023-இல் சட்டமன்றம் பல்கலைக்கழக அமைப்பின் பட்ஜெட்டில் 32 மில்லியன் டாலரைக் குறைத்தது. பல இன, பல பின்னணி மாணவர்களை அரவணைக்க வைத்திருந்த "பன்முகத்தன்மை"ப் பணியிடங்கள் மீதான கோபம் அது. ஊழியர்களின் ஊதிய உயர்வும் மேடிசன் வளாகத்தின் புதிய பொறியியல் கட்டடமும் அதே சண்டையில் மாட்டிக்கொண்டன. டிசம்பரில் பல்கலைக்கழக அமைப்பை மேற்பார்வையிடும் ஆட்சிக்குழு ஒரு சமரசத்தை 9-க்கு 8 என்று நிராகரித்து, சில நாளிலேயே 11-க்கு 6 என்று ஏற்றது. பன்முகத்தன்மைப் பணியிடங்களுக்கு வரம்பு, பதிலுக்கு ஊதிய உயர்வும் கட்டடமும். அந்தக் கட்டடத்தின் படம் ஒரு மடலில் வந்தால், அதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

பிரசாரம் பலிக்குமா என்பதற்கு அலாஸ்காவைச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே எல்லாம் சில வாரங்களுக்குள் நடந்தது. 2018 தேர்தலில் மைக் டன்லீவி கவர்னராக வென்றபோது கொடுத்த பெரிய வாக்குறுதி, எண்ணெய் வருவாயில் சேர்த்த நிரந்தர நிதியிலிருந்து ஒவ்வொரு அலாஸ்காவாசிக்கும் சுமார் 3,000 டாலர் ஈவுத்தொகை. எண்ணெய் விலை பழைய மாதிரி இல்லை, மாநில வருமான வரியும் கிடையாது. ஆகவே வேறெங்காவது வெட்ட வேண்டும். 2019 ஜூன் 28 அன்று, நிதியாண்டு தொடங்க மூன்று நாள் இருக்கையில், அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் மாநில நிதியில் 130 மில்லியன் டாலரை வீட்டோ செய்தார். சட்டமன்றம் ஏற்கெனவே குறைத்திருந்த 5 மில்லியனையும் சேர்த்தால் மாநிலம் தந்துவந்ததில் 41 சதவீதம்.

பேரணி, கடிதம், தொலைபேசி, எல்லாம் கிளம்பின. ஃபேர்பேங்க்ஸிலும் ஆங்கரேஜிலும் கூட்டங்கள் நடந்தன. ஆனால் அலாஸ்காவில் நிதி வீட்டோவைத் தள்ளுபடி செய்ய நான்கில் மூன்று பங்கு, அதாவது 60 பேரில் 45 பேர் வேண்டும். அந்த நேரம் சட்டமன்றமே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பெரும்பான்மையினர் தலைநகர் ஜூனோவில் கூடினார்கள். கவர்னர் கூட்டச் சொன்ன வசில்லா என்ற ஊரில் மற்றவர்கள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ஜூலை 10 அன்று ஜூனோவில் வாக்கு எடுத்தபோது 37 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. 22 பேர் அந்த அறையிலேயே இல்லை. ஆகத் தோல்வி. ஜூலை 22 அன்று ஆட்சிக்குழு நிதி அவசரநிலையை அறிவித்தது. அப்படி அறிவித்தால் நிரந்தரப் பணியில் இருக்கும் பேராசிரியரையும் சீக்கிரம் அனுப்பலாம். பல்கலைக்கழகத்தின் கடன் தர மதிப்பு இறங்கியது. மாநில உதவித்தொகை வருமா வராதா என்று தெரியாமல் மாணவர்கள் வேறு மாநிலங்களில் இடம் தேடினார்கள்.

பிறகு ஆகஸ்டில் கவர்னரும் ஆட்சிக்குழுவும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்: ஒரே ஆண்டில் 135 என்பதற்குப் பதில் மூன்று ஆண்டுகளில் 70 மில்லியன், முதல் ஆண்டில் 25. அதற்குள் கவர்னரைத் திரும்ப அழைக்கும் கையெழுத்து இயக்கமும் மாநிலம் முழுக்கத் தொடங்கியிருந்தது. பிரசாரம் வென்றதா? வாக்கெடுப்பில் தோற்றது, வெட்டைப் பாதியாக்கியது. இந்தத் துறையில் வெற்றி என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அலாஸ்காவில் இன்னொன்றும் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. பல்கலைக்கழகம் தேவையா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. 3,000 டாலர் கையில் வேண்டுமா, பல்கலைக்கழகம் வேண்டுமா என்றுதான் மக்கள் முன் கேள்வி வைக்கப்பட்டது. எத்தனை அழகான வளாகச் செய்தி எழுதினாலும் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

இல்லினாயில் வேறு கதை. அங்கே யாரும் பல்கலைக்கழகத்தைக் குறிவைக்கவில்லை. கவர்னருக்கும் சட்டமன்றத்துக்கும் சண்டை, 2015 ஜூலை முதல் இரண்டு ஆண்டு முழு பட்ஜெட்டே இல்லை. பணக்காரப் பல்கலைக்கழகங்கள் சேமிப்பைக் கரைத்துத் தாக்குப்பிடித்தன. ஏழை மாணவர்கள் அதிகம் படிக்கும் சிகாகோ மாநிலப் பல்கலைக்கழகம் 2016 பிப்ரவரியில் நிதி அவசரநிலை அறிவித்து, ஏப்ரலில் சுமார் 300 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. பென்சில்வேனியாவில் பென் ஸ்டேட், பிட்ஸ்பர்க், டெம்பிள் போன்றவை "மாநிலத் தொடர்புடைய" பல்கலைக்கழகங்கள், அதாவது மாநில நிதி பெற்றாலும் முழுக்க மாநிலத்துடையவை அல்ல. அவற்றுக்கான நிதிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2023-இல் நிதியாண்டு ஜூலையில் தொடங்கியும் அந்தப் பணம் நவம்பர் வரை இழுத்தது. சிறுபான்மைக் கட்சி கையை உயர்த்தாவிட்டால் எதுவும் நகராது என்பதால், அங்கே செய்திமடல்களில் இரு கட்சியினரின் தொகுதிகளும் தவறாமல் இடம்பெறும்.

லூசியானாவில் 2016 பிப்ரவரியில் கவர்னர் ஜான் பெல் எட்வர்ட்ஸ் தொலைக்காட்சியில் தோன்றி, பட்ஜெட் ஓட்டையை அடைக்காவிட்டால் பல்கலைக்கழகங்கள் செமஸ்டர் நடுவிலேயே மூடப்படலாம், விளையாட்டு வீரர்கள் தகுதி இழந்தால் அடுத்த சீசனில் எல்.எஸ்.யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) ஃபுட்பாலே இல்லாமல் போகலாம் என்றார். வேதியியல் துறை மூடப்படும் என்றால் அந்த மாநிலத்தில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று தெரியாது. ஃபுட்பால் என்றதும் நாடே பேசியது. நிதிப் பிரசாரத்தில் இருப்பவர்கள் இதை மறப்பதில்லை.

மத்திய அரசுப் பணம் இதில் எங்கே வருகிறது என்றால், முக்கியமாக இரண்டு வழியில். ஏழை மாணவருக்கான பெல் உதவித்தொகை ஒன்று. உச்சவரம்பு 2023-24 முதல் 7,395 டாலரிலேயே நிற்கிறது, வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது. ஆராய்ச்சி மானியம் இன்னொன்று. 2025 பிப்ரவரியில் தேசிய சுகாதார நிறுவனம் ஆராய்ச்சிக்கான மறைமுகச் செலவுக்கு (கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்றவை) 15 சதவீதம்தான் தருவோம் என்று அறிவித்தது, நீதிமன்றம் தடுத்தது. மகள் ஆராய்ச்சி மாணவி என்றால் மாநில பட்ஜெட்டைவிட இதைக் கவனியுங்கள். பல ஆய்வுக்கூடங்களில் மாணவர் ஊதியம் ஆராய்ச்சி மானியத்தில்தான் ஓடுகிறது.

"உங்கள் உறுப்பினருக்கு எழுதுங்கள்" என்று மடல் சொல்கிறதே தவிர "இன்னாருக்கு வாக்களியுங்கள்" என்று ஏன் சொல்வதில்லை? வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது, பொதுப்பணத்தில் வாக்குச் சேகரிக்கக் கூடாது என்பது விதி. 2012-இல் கலிபோர்னியாவில் தற்காலிக வரி உயர்வு மீது மக்கள் வாக்களிக்க வேண்டியிருந்தது. 30-ஆம் எண் முன்மொழிவு அது. தோற்றால் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்புக்கும் தலா 250 மில்லியன் டாலர் வெட்டு விழும் என்று பட்ஜெட்டிலேயே எழுதியிருந்தார்கள். ஆட்சிக்குழு ஆதரவுத் தீர்மானம் போடலாம், விளைவு என்ன என்று செய்தி எழுதலாம், ஆனால் பல்கலைக்கழகக் காசில் "ஆம் என்று குத்துங்கள்" என்று அச்சடிக்க முடியாது. அதனால் செய்தியே பிரசாரத்தின் வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. முன்மொழிவு வென்றது. வளாகச் செய்தி எழுதுபவர்கள் ஏன் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து எழுதுகிறார்கள் என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது.

நீங்கள் எழுதலாமா? எழுதலாம், தடையில்லை, ஆனால் வேறு நாட்டு முகவரியிலிருந்து வரும் கடிதத்தை எந்த உதவியாளரும் கணக்கில் வைக்கமாட்டார். அவருக்குத் தொகுதி வேண்டும். மகள் வளாகம் இருக்கும் தொகுதியில் வசிக்கிறாள், வாக்கு இல்லாவிட்டாலும் அவள் எழுதினால் ஓரளவு மதிப்புண்டு. எழுதுவதாக இருந்தால் மடலில் வரும் அச்சடித்த வாசகத்தை அப்படியே அனுப்பாமல், தன் வகுப்பில் எத்தனை பேருக்கு ஓர் உதவி ஆசிரியர், எந்தப் பாடம் இந்த ஆண்டு நடத்தப்படவில்லை என்று கண்ணால் பார்த்ததை நாலு வரி எழுதச் சொல்லுங்கள். ஒரே வாசகத்தில் நூறு கடிதம் வந்தால் அவற்றுக்கு மதிப்புக் குறைவு. தேர்தல் நன்கொடை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். மாணவர் விசாவில் இருப்பவர் அமெரிக்கத் தேர்தலுக்குப் பணம் தருவது சட்டவிரோதம், பத்து டாலராக இருந்தாலும்.

ஃபீஸ் ஏறுமா? ஏற்றிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடும் அரசியல்வாதிகளே, உள்ளூர் மாணவர் கட்டணம் ரொம்ப ஏறிவிட்டால் சில மாநிலங்களில் அதைத் தடுக்கவும் செய்வார்கள். விஸ்கான்சினில் உள்ளூர் இளநிலை மாணவர் கட்டணம் பத்தாண்டு உறைந்து கிடந்தது. அப்போது கை போகும் இடம் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான், ஏனென்றால் அவர்கள் பெற்றோருக்கு அங்கே ஓட்டு இல்லை. வெளியாட்களை அதிகம் சேர்த்துச் சமாளிப்பதும் ஓரளவுக்குத்தான். உள்ளூர்ப் பெற்றோர் கொதித்ததால் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2017-இல் அதற்கும் வரம்பு போட்டது, பெரும்பாலான வளாகங்களில் 18 சதவீதம். உங்கள் மகளின் அடுத்த ஆண்டுக் கட்டணத்தைத் தெரிந்துகொள்ளச் செய்திமடலை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆட்சிக்குழுக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரல் சில நாட்கள் முன்பே பொதுவில் வெளியாகும். அதில் "வெளிமாநிலத்தவர் கட்டணம்" என்ற வரி இருக்கிறதா என்று வசந்த காலம் முதல் ஜூலை வரை பாருங்கள், கூடவே இணைப்பில் வரும் அட்டவணையில் பட்டமேற்படிப்பு, பொறியியல், வணிகம் என்று தனிக் கட்டணம் போடுகிறார்களா என்றும் பாருங்கள். தலைப்பில் 3 சதவீதம் என்று இருந்தாலும் மகள் படிக்கும் துறைக்கு வேறு எண் அந்த அட்டவணைக்குள் இருக்கலாம்.